காட்டுயிர் உயிரியலில் வெளிநாட்டு எம்.எஸ்.: தோட்டத்தை ஈடு வைப்பதற்கு முன் தெரிய வேண்டியவை

ஒரு மாணவரின் கேள்வி சுருக்கமாக இது: வீடு குலசேகரம் பக்கம். நாகர்கோவிலில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டு. அமெரிக்காவில் காட்டுயிர் உயிரியல் எம்.எஸ். படிக்க ஆசை. ‘40 லட்சம் லோன் போடுங்கள், அட்மிஷன் நாங்கள் வாங்கித் தருகிறோம்’ என்கிறது ஒரு கன்சல்டன்சி. ரப்பர் தோட்டத்தை ஈடு வைக்க அப்பா தயார். போகலாமா?

அந்த வழியில் போக வேண்டாம். இந்தத் துறையில் ஆய்வேடு எழுதி எம்.எஸ். முடிப்பவர்களில் பெரும்பாலோர் சொந்தப் பணம் கட்டிப் படிப்பதில்லை. ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குப் பணம் வந்திருக்கும். அந்த வேலையைச் செய்ய அவருக்கு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளம், கட்டணத் தள்ளுபடி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்தப் பணத்திலிருந்தோ, இளநிலை மாணவர்களுக்கு லேப் வகுப்பு எடுக்கும் வேலைக்காகத் துறையிலிருந்தோ வரும். முதலாவது ரிசர்ச் அசிஸ்டென்ட்ஷிப், இரண்டாவது டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப். ஆகவே நீங்கள் தேட வேண்டியது வேலை. காலேஜ் சீட் அதற்குப் பின்னால் தானாக வரும். பேராசிரியர் ‘இவரை எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லாமல் போகும் விண்ணப்பம், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், பல துறைகளில் பரிசீலனைக்கே வராது. கன்சல்டன்சிக்காரர்களுக்கு இந்த வழி பழக்கமில்லை. அவர்கள் சேர்த்துவிடுவது ஆய்வேடு இல்லாத, முழுக் கட்டணம் கட்டும் படிப்பில். அதை முடித்தால் கையில் பட்டம் இருக்கும். கள ஆய்வும் கட்டுரையும் இருக்காது. இந்தத் துறையின் தொடக்கச் சம்பளத்தில் 40 லட்சத்தை அடைப்பது பெரும்பாடு.

அந்த ஆராய்ச்சிப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். அமெரிக்காவில் 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. வாத்து வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய ஸ்டாம்ப் 1934-லிருந்து இருக்கிறது; அந்தப் பணம் நீர்ப்பறவை வாழிடங்களுக்கு. பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே இயங்கும் கூட்டுறவு மீன்-காட்டுயிர் ஆராய்ச்சிப் பிரிவுகள் 1935-ல் தொடங்கின. ஆகவே அங்கே வரும் ஆய்வுகளில் மான், வான்கோழி, வாத்து, கரடி, ட்ரவுட் மீன் இவைதான் அதிகம். ‘எனக்குப் புலி பிடிக்கும், புலி பற்றி ஆராய வேண்டும்’ என்று கடிதம் எழுதினால் பதில் வராததற்குக் காரணம் இதுதான். அவர் கையில் இருக்கும் பணம் வேறொரு விலங்குக்கு எழுதிக் கொடுத்து வாங்கியது. அதைப் புலிக்குத் திருப்ப அவரால் முடியாது. எந்த விலங்கு என்பதைவிட எந்தக் கேள்வி, எந்த முறை என்பதில் மனதை வையுங்கள். மானில் கற்றுக்கொண்ட கணக்கெடுப்பு முறை நாளை மகேந்திரகிரிப் பக்கத்து வரையாட்டுக்கும் பொருந்தும்.

அடுத்தது உங்கள் மூன்றாண்டுப் பட்டம். அமெரிக்காவின் பல கிராஜுவேட் ஸ்கூல்கள் நான்காண்டு இளநிலைப் பட்டம் கேட்கின்றன. சில, கல்லூரியின் நாக் (தேசியத் தர மதிப்பீட்டுக் குழு) தரத்தைப் பார்த்து மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும். சில ஏற்கவே ஏற்காது. இதைப் பேராசிரியரிடம் கேட்டால் அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கிராஜுவேட் ஸ்கூல் அட்மிஷன் அலுவலகத்துக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் எல்லாம் நன்றாக முடிந்து, கடைசியில் அலுவலகம் பட்டத்தைக் காட்டி நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இதனால் என் முதல் பரிந்துரை, இந்தியாவில் ஒரு நல்ல எம்.எஸ்சி. முடித்துவிட்டு வெளிநாட்டுக்கு நேரே பிஎச்.டி.க்குப் போவது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டிலும் காட்டுயிர் எம்.எஸ்சி. உண்டு. இடம் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம், எல்லா ஆண்டும் சேர்க்கை இருக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் எம்.எஸ்சி. காட்டுயிர் உயிரியல் இருக்கிறது. செலவு கையைக் கடிக்காது. இவற்றில் செய்யும் சில மாதக் கள ஆய்வும் அதிலிருந்து வரும் ஒரு கட்டுரையும் வெளிநாட்டுப் பேராசிரியரை உங்கள் மின்னஞ்சலைத் திறந்து படிக்க வைக்கும்.

எந்த வழியில் போனாலும் இந்த ஓராண்டில் செய்ய வேண்டியது உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே கிடக்கிறது. சுசீந்திரம்-தேரூர் நீர்நிலையும் வேம்பனூர் நீர்நிலையும் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களில், முன்னதன் அறுப்புக்கும் பின்னதன் நடவுக்கும் இடையில் குளத்து நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. சேறு வெளியே தெரியும்போது உள்ளான்கள் வருகின்றன. நீர் நிறைந்தால் வாத்தும் முக்குளிப்பானும். நீர்மட்டத்துக்கும் பறவை எண்ணிக்கைக்கும் என்ன உறவு என்பது ஓர் இளநிலை மாணவர் தனியாகச் செய்யக்கூடிய, வெளிநாட்டில் மதிக்கப்படும் கேள்வி.

செய்யும் முறைதான் முக்கியம். குளக்கரையில் ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஜி.பி.எஸ். புள்ளி போனிலேயே எடுக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் காலை ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே கால அளவு, 15 நிமிடம் என்றால் எப்போதும் 15 நிமிடம் எண்ணுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் ஆண்டுக்கு 26 சுற்று. ஒவ்வொரு முறையும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், மேகம், காற்று, எண்ணியவர் யார், மதகுப் படியில் எத்தனை படி நீருக்கு மேலே தெரிகிறது என்று எழுதுங்கள். பறவை ஒன்றும் இல்லாத இடத்தில் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், சுழி போடுங்கள். காலிக் கட்டம் ‘போகவில்லை’ என்று அர்த்தம், சுழி ‘போனேன், இல்லை’ என்று அர்த்தம். இந்த இரண்டும் கலந்துவிட்டால் அந்தத் தரவைப் பின்னால் யாராலும் சரிசெய்ய முடியாது. மாணவர்களின் கள நோட்டுகளில் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று: கண்ணுக்குப் படாததால் பறவை அங்கே இல்லை என்று ஆகிவிடாது. தாமரை இலைக்கு நடுவே நிற்கும் தாழைக்கோழி ஒரு முறை தெரியும், அடுத்த முறை தெரியாது. அதனால் ஒரே இடத்துக்குச் சில நாட்களுக்குள் மூன்று முறை போய்ப் பார்த்தால், ‘இருந்தும் கண்ணில் படாமல் போகும்’ வாய்ப்பைக் கணக்கிடலாம். ஆக்குபன்சி மாடலிங் என்ற முறையின் அடிப்படை இதுதான். 2002-லிருந்து துறை முழுவதும் பரவிய முறை. உங்கள் மின்னஞ்சலில் இந்த ஒரு சொல்லைப் பொருள் தெரிந்து எழுதினால், ‘சிறு வயதிலிருந்தே இயற்கை மேல் காதல்’ என்று ஒரு பத்தி எழுதுவதைவிட அதிகம் எடுபடும்.

கரையில், ரோட்டில் நின்று பறவை எண்ணுவது வேறு. கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுக்குள் இறங்கி ஆய்வு செய்வது வேறு. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் ஆய்வுக்கு 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பேச்சிப்பாறை வழியாக நண்பர்களோடு போய் கேமரா கட்டிவிட்டு, அதை ‘ஆய்வு அனுபவம்’ என்று சி.வி.யில் எழுதாதீர்கள். அனுமதி எண் என்ன என்று கேட்பார்கள். தனியாக அனுமதி கிடைக்காத நிலையில் வனத்துறையின் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேருங்கள். திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-லிருந்து நடக்கிறது. மணிமுத்தாற்றில் உள்ள ஏட்ரீ (சூழலியல் ஆராய்ச்சி நிறுவனம்) மையம் அதில் பங்கெடுக்கிறது. சேர்ந்தால் அனுபவத்தோடு, உங்களைக் களத்தில் நேரில் பார்த்த ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். வகுப்பறையில் மட்டும் பார்த்த மூன்று ஆசிரியர்களின் கடிதங்களைவிட அப்படி ஒன்று கனமானது.

கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மீன்வளமும் காட்டுயிரும் பல இடங்களில் ஒரே துறை. தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறாவுக்குத் தூண்டில் போடுவதில் நாடறிந்தவர்கள். தேங்காய்ப்பட்டினத்திலோ சின்னமுட்டத்திலோ கரைக்கு வரும் சுறா, திருக்கை வகைகளை அடையாளம் கண்டு, நீளம் அளந்து, எந்த வலை, எத்தனை நாள் கடலில் என்பதோடு பதிவு செய்யத் தெரிந்த மாணவர் உலகில் குறைவு. சில இனங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை என்பதால் மீனவரின் பெயரையும் படகு எண்ணையும் தரவில் எழுதாதீர்கள். பொதுவில் போடும் படங்களிலும் அவை தெரியக் கூடாது. அந்த நம்பிக்கை போனால் அடுத்த மாணவருக்கும் கதவு அடைபட்டுவிடும்.

திறமை என்று வரும்போது மூன்றைச் சொல்வேன். முதலாவது ஆர் (R) என்ற, தரவை அலசும் கணினி மொழி. இலவசம், தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதத்தில் உங்கள் தேரூர் தரவை நீங்களே வரைபடமாக்கும் அளவுக்கு வந்துவிடலாம். இரண்டாவது கியூ.ஜி.ஐ.எஸ். என்ற நிலவரைபட மென்பொருள், அதுவும் இலவசம். மூன்றாவது, யாரும் எதிர்பார்க்காதது: கார் ஓட்டும் லைசென்ஸ். அங்கே கள வேலை என்றால் பல்கலைக்கழகத்து பிக்கப் டிரக்கில் மண் ரோட்டில் மணிக்கணக்காகப் போவது. லைசென்ஸ் இல்லை என்றால் சில திட்டங்களில் எடுக்கவே முடியாது. ஆக்டிவா லைசென்ஸ் போதாது. ஊரிலேயே நாலு சக்கரம் ஓட்டிப் பழகி உரிமம் எடுத்துவிடுங்கள்.

இனி அந்த மின்னஞ்சல். முதலில் எங்கே தேடுவது: டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் நடத்தும் காட்டுயிர் வேலைவாய்ப்புப் பலகையில் கிராஜுவேட் அசிஸ்டென்ட்ஷிப் என்று தனிப் பகுதி உண்டு. துறையில் எல்லோரும் அங்கேதான் விளம்பரம் போடுவார்கள். கொலராடோ ஸ்டேட், மான்டானா, வயோமிங், ஃப்ளோரிடா, மிச்சிகன் ஸ்டேட், ஜார்ஜியா போன்ற பல்கலைக்கழகங்களின் துறைப் பக்கங்களில் ஆசிரியர் பட்டியலையும் பாருங்கள். விளம்பரத்தில் ‘தொடக்கம் ஆகஸ்ட்’ என்று இருக்கிறதா ‘ஜனவரி’ என்று இருக்கிறதா, வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கலாமா என்பதைக் கவனியுங்கள். சில நிதிகள், எடுத்துக்காட்டாக என்.எஸ்.எஃப். (அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை) கிராஜுவேட் ஃபெலோஷிப், அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்.

மின்னஞ்சல் 200 முதல் 250 சொற்களுக்குள் முடிய வேண்டும். தலைப்பில் எந்தத் திட்டம், எந்தப் பருவம், உங்கள் பெயர். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்க வேண்டாம். அவர் பெண்ணாக இருக்கலாம். ‘டியர் டாக்டர்’ என்று குடும்பப் பெயரோடு எழுதுங்கள். முதல் வரியில் நீங்கள் யார், எதற்கு எழுதுகிறீர்கள். இரண்டாவது பத்தியில் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றிலிருந்து ஒரு குறிப்பான கேள்வி. ‘உங்கள் கட்டுரை மிக அருமை’ என்ற பாராட்டு தேவையில்லை. மூன்றாவதில் நீங்கள் செய்த வேலை: எத்தனை இடம், எத்தனை சுற்று, என்ன கண்டீர்கள், தரவை எதில் அலசினீர்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: வரும் ஆகஸ்டுக்கு நிதியோடு மாணவர் எடுக்கிறாரா? இரண்டு பக்க சி.வி.யை இணையுங்கள், அதில் அப்பா பெயர், மதம், பிறந்த தேதி, போட்டோ வேண்டாம். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் படித்த முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு கடிதம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டுரை படித்து எழுதியது, இது போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். கள காலத்தில் அவர்கள் வாரக்கணக்காக நெட்வொர்க் இல்லாத இடத்தில் இருப்பார்கள்.

காலக்கணக்கு: ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கடிதம், வீடியோ நேர்காணல். டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி நடு வரை பெரும்பாலான கடைசித் தேதிகள். பல துறைகள் ஜி.ஆர்.இ. என்ற பொது நுழைவுத் தேர்வைக் கேட்பதை விட்டுவிட்டன, ஒவ்வொன்றிலும் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ஆங்கிலத் தேர்வு வேண்டும், ஐ.இ.எல்.டி.எஸ்.-ல் 6.5 என்பது பரவலாகக் கேட்கும் அளவு. லேப் வகுப்பு எடுக்கும் வேலைக்குப் பேச்சுத் தேர்வில் தனியாக உயர்ந்த மதிப்பெண் கேட்பார்கள், அதில்தான் பலர் வழுக்குகிறார்கள். மதிப்பெண் பட்டியலின் அதிகாரபூர்வ நகல், உங்கள் கல்லூரி தன்னாட்சி என்றால் கல்லூரித் தேர்வு அலுவலகத்தில். இல்லையென்றால் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். டிசம்பரில் ஓடாமல் செப்டம்பரிலேயே ஐந்தாறு சீலிட்ட கவர் வாங்கி வையுங்கள். மதிப்பெண்ணை நீங்களாக 4-க்கு இத்தனை என்று மாற்றி எழுதாதீர்கள். உள்ளதை உள்ளபடி கொடுங்கள்.

ஆஃபர் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நிதிக் கடிதம். மாதம் எவ்வளவு என்பது ஒரு வரி. அது 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா என்பது அதைவிட முக்கியமான வரி. கோடையில் சம்பளம் இல்லையென்றால் மூன்று மாதம் வாடகைக்கு வழியில்லை. கட்டணத் தள்ளுபடி முழுவதுமா, அல்லது வெளிமாநிலத்தவர் கூடுதலாகக் கட்டும் பகுதி மட்டுமா? ‘ஃபீஸ்’ என்று தனியாக ஒவ்வொரு செமஸ்டருக்கும் வரும் தொகை தள்ளுபடியில் சேருமா? மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது? எத்தனை ஆண்டுக்கு உறுதி, எந்த நிபந்தனையில் நீட்டிப்பு? இவற்றில் தெளிவில்லாததைக் கேட்பதில் தப்பில்லை. கேட்காதவரைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். நிதியோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கின்றன, ஆகவே பதறிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

பிறகு ஐ-20 படிவம், அதாவது மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று. அதில் மொத்தச் செலவுக்கும் உதவித்தொகைக்கும் இடையே இடைவெளி இருந்தால் அந்தத் தொகையைக் காட்ட வேண்டும். அங்கே எண்ணப்படுவது உடனே எடுக்கக்கூடிய பணம். ரப்பர் தோட்டத்தின் மதிப்பீட்டுச் சான்றிதழும் வீட்டு நகையும் கோப்பைப் பெரிதாக்கும், இடைவெளியை நிரப்பாது. செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் தனி, நேர்காணல் சென்னையில். முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். வீட்டு அட்வான்சுக்கும் சேர்த்து 2,500 முதல் 3,000 டாலர் கையில் இருக்கட்டும். கடன் வாங்குவதானால் இந்த அளவோடு நிறுத்துங்கள்.

அரசு உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது: ஆண்டுக்கு 125 இடம் (அதில் 115 பட்டியல் சாதிக்கு), குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், 60 சதவீத மதிப்பெண். பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணி மாணவர்களுக்குப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தனித் திட்டம். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறைத் திட்டத்தில் கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடரும் வருவதால் நம் மாவட்டத்துக்கு அது முக்கியம். நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பாவில் மூன்றாண்டு இளநிலை பொதுவாகச் சிக்கலில்லை. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ; ஆனால் ஏ.பி.எஸ். சான்றிதழும் (இந்தியக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), முடக்கக் கணக்கில் (மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவுத் தொகையும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் முழு உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, போட்டி மிகக் கடுமை. நியூசிலாந்தில் பிஎச்.டி.க்கு வெளிநாட்டவரும் உள்நாட்டுக் கட்டணமே கட்டுகிறார்கள். பிரிட்டனில் எம்.எஸ்சி. ஓராண்டு, உதவித்தொகை இல்லாமல் போகத் தகுந்ததல்ல. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கேட்பது இரண்டாண்டு வேலை அனுபவம்.

படிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் தங்கிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: காட்டுயிர் வேலைகளில் பெரும்பகுதி அரசு வேலை, மத்திய அரசு வேலைக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும். ஓ.பி.டி. (படிப்புக்குப் பின் மாணவர் விசாவிலேயே வேலை செய்யும் அனுமதி) 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பாடங்களுக்கான நீட்டிப்பு 24 மாதம். அந்த நீட்டிப்பு ஐ-20-ல் உள்ள பாடக் குறியீட்டு எண்ணைப் பொறுத்தது. சேருவதற்கு முன்பே அந்த எண் ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிப்புக் காலத்தில் சம்பளமில்லாத தன்னார்வ வேலை செல்லாது. முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது. இந்தத் துறையில் வேலைகள் மூன்று, நான்கு மாத சீசன் வேலைகளாக வருவதால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அந்த 90 நாள் வேகமாகக் கரைந்துவிடும்.

ஊர் திரும்பி இங்கேயே பிஎச்.டி. கள ஆய்வு செய்ய நினைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டால், 2002-ம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி உயிரியல் மாதிரி எடுத்து ஆராய சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். சாணம், இறகு, செதில் எதுவானாலும் சரி. வனத்துறை அனுமதி இதற்கு ஈடாகாது. இரண்டும் தனித்தனி, இரண்டும் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே ஆய்வு முன்மொழிவு எழுதும்போதே மாதிரியை அமெரிக்க லேபுக்குக் கொண்டுபோவதைத் தவிர்த்து, இங்குள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து இங்கேயே பரிசோதிக்கும்படி திட்டமிடுங்கள். கேமரா, பறவை எண்ணிக்கை, ஒலிப்பதிவு மட்டும் என்றால் மாதிரி அனுமதிச் சிக்கல் பெருமளவு குறையும். காட்டுக்குள் போகும் அனுமதிக்கு மட்டும் களம் இறங்கும் தேதிக்கு எட்டு, பத்து மாதம் முன்னதாகவே மனு கொடுத்துவிடுங்கள்.